வீட்டுப் பெண் ஒருத்தி கூட வரணும்

கிராம சுகாதார நர்சுகளான எங்கள் சங்கத்துக்கு முப்பது வருஷம் நிறைந்ததைக் கொண்டாடியபோது மேடைக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தோம். ஓய்வு பெற்ற அக்காமார்கள் அவரவர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வேலைச் சாமான்களைக் கொண்டுவந்து அதில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. கழித்துக் கட்டிய கண்ணாடி சிரிஞ்சு நாலு வந்தது. கரி போகாத ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. குழந்தையைத் துணியில் போட்டுத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தூக்குத் தராசும், வயிற்றில் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்கும் ஃபீட்டோஸ்கோப்பும் வந்தன. நான் என் டார்ச் லைட்டைக் கொண்டுபோனேன். மூன்று பேட்டரி போடுகிற நீள டார்ச். சுவிட்ச் இருக்கும் இடத்தில் கட்டைவிரல் பட்டுப் பட்டே பூச்சு உரிந்து உள்தகடு தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த தங்கச்சி ஒருத்தி கண்ணாடி சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதையாக்கா திரும்பத் திரும்பப் போட்டீங்க?" என்று கேட்டாள். ஆமாம், அதைத்தான் போட்டோம். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்றால் செவ்வாய் சாயங்காலமே கழுவி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் பாத்திரத்தில் 20 நிமிஷம் ஆவியில் வேகவைத்து எடுப்போம். ஊசி முனை மழுங்கியிருந்தால் குழந்தை வீரிடும். தாய் நம்மைத்தான் பார்ப்பாள். ஒரே தடவை போட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு 2005-க்குப் பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் இன்னொன்றும் கேட்டாள். "சங்கம் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணுன்னா யாருகிட்டக்கா சொல்லுவீங்க?"

யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அதை மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தது 1989-ல். வேதாரண்யம் பக்கம். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். 1991 அக்டோபரில் மாவட்டம் பிரிந்து நாகை காயிதே மில்லத் மாவட்டம் ஆனது, பிறகு நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. நான் மட்டும் அதே துணை சுகாதார நிலையத்தில் இருந்தேன். 18 மாதப் பயிற்சி, கையில் ஒரு பை, சீருடைச் சேலை இரண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. இந்த 5,000 பேரில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு, எந்த வீட்டுக் குழந்தைக்கு மூன்றாவது தவணை தவறிப்போயிற்று, யார் பம்பாயில் வேலை பார்க்கும் புருஷன் வந்து போனபின் நாள் தள்ளிப்போயிருக்கிறாள், எல்லாம் நம் தலைக்குள் இருக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பது அதில் பாதிதான்.

உப்பளத்துப் பெண்களைப் பார்க்க வேண்டுமென்றால் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க அவர்கள் இருட்டிலேயே போய்விடுவார்கள். பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் கிழவிகளும் கோழிகளும்தான் இருக்கும். ஆகவே பாத்திகளின் வரப்பிலேயே நின்று கண் இமையை இழுத்து ரத்தசோகை பார்த்து, சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, "சும்மா வாங்கி மரக்கால்ல போட்டு வைக்காதீங்க, முழுங்குங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த அவர்களின் பாதங்கள் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன.

வேலை கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. அந்த வேலையை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது தனியாள் வேலை. ஆஸ்பத்திரி நர்சுக்குப் பக்கத்து வார்டில் இன்னொரு நர்ஸ் இருப்பாள். சந்தேகம் வந்தால் கேட்கலாம், டாக்டர் திட்டினால் கழிவறைக்குள் போய் இரண்டு பேரும் அழலாம். எங்களுக்குப் பக்கத்து நர்ஸ் என்றால் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு பஸ் ரூட்டில். மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரிவ்யூ மீட்டிங்கில் பார்ப்போம். அங்கே எண்களைச் சொல்வதற்கே நேரம் சரியாகப் போய்விடும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். தடுப்பூசிப் பெட்டியில் நாலு பக்கமும் ஐஸ் பேக் வைத்து நடுவில் மருந்தை வைக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைக்கக் கூடாது. முத்தடுப்பு மருந்து உறைந்துவிட்டால் வீண். வெளியில் வைத்து, மேலே வேர்த்து, காதருகே கொண்டுபோய் ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்கலாம். பயிற்சியில் ஒரு வரியாகச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது நினைவில் நிற்கவில்லை. இரண்டு வருஷம் கல்லு மாதிரி இருந்த ஐஸ் பேக்கைத்தான் வைத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மூத்த அக்கா ஒருவர் என் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் காதில் ஐஸ் பேக்கை வைத்து ஆட்டிக் காட்டினார். கெட்டியான மௌனம். பிறகு தன் பெட்டியிலிருந்து எடுத்து ஆட்டினார். சலசலவென்றது. இரண்டு வருஷமாக நான் போட்ட மருந்தில் எத்தனை வீணாகியிருக்கும் என்று அன்றிரவு தூங்கவில்லை. அந்த அக்கா ஒரே பஸ்ஸில் வராமல் போயிருந்தால் எத்தனை வருஷம் அப்படியே போயிருக்கும்?

சங்கம் என்று ஒன்று வேண்டும் என எனக்கு முதலில் பட்டது அங்கேதான். சம்பளம், பதவி உயர்வு எல்லாம் பிறகு வந்த பேச்சு.

அடுத்த காரணம் இருட்டு. அந்தக் காலத்தில் பிரசவம் பெரும்பாலும் வீட்டில், இல்லையென்றால் துணை நிலையத்தில் எங்கள் கையில். 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அதற்கு முன் நடு ராத்திரி கதவு தட்டப்படும். சைக்கிளோ டி.வி.எஸ். வண்டியோ நிற்கும். "நர்சம்மா, வலி எடுத்துட்டுது" என்பார் ஒருவர். அவர் யார், எந்தத் தெரு, உண்மையிலேயே வலியா, எதுவும் தெரியாது. பையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார வேண்டியதுதான். போகாமல் இருந்து அங்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சும்மா விடாது.

1994-ல் எங்களில் ஒருத்தியை அப்படி அழைத்துப் போனவன் பாதி வழியில் சவுக்குத் தோப்புப் பக்கம் வண்டியைத் திருப்பினான். அவள் குதித்துவிட்டாள். முழங்கை உடைந்தது. இருட்டில் முள்ளிலும் மணலிலும் நடந்து ஒரு மீனவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் பிழைத்தது அந்த வீட்டு அம்மாவால். மறுவாரம் இதை ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் கேட்ட கேள்வி, "யார்னு தெரியாம ஏம்மா ஏறினீங்க?" அவள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். இந்த வரியை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

1995 டிசம்பர் 9-ம் தேதி முதல் தேசிய போலியோ சொட்டு மருந்து நாள். அன்றைக்கு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தோம். சாயங்காலம் மிச்ச மருந்தையும் கணக்கையும் ஒப்படைக்க எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தோம். ரிவ்யூ மீட்டிங் அல்லாமல் அத்தனை பேரும் ஒன்றாக நின்றது அன்றுதான் முதல் தடவை. கால் வலி, தொண்டை கட்டியிருந்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தோம். ஐஸ் பேக் ஆட்டிக் காட்டின அதே அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, "பேரு எழுதுங்கடி" என்றார். பதினோரு பேர் எழுதினோம். ஆளுக்கு ஐந்து ரூபாய்.

முதல் தீர்மானம் அந்த நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. விழா மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தோம். "இரவில் பிரசவத்துக்குக் கூப்பிட வருபவர் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூட அழைத்து வரணும். இல்லாவிட்டால் நாம் யாரும் கிளம்புவதில்லை. கிளம்பும்போது எங்கே போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகணும்."

இதற்கு அரசாணையும் கிடையாது, யார் அனுமதியும் கேட்கவில்லை. முதல் மூன்று மாதம் ஊரில் பேச்சு வாங்கினோம். "நர்சம்மாவுக்கு எஸ்கார்ட்டு வேணுமாம்" என்றார்கள். ஆனால் இந்த ஊர் நர்சும் அதையே சொன்னாள், அடுத்த ஊர் நர்சும் அதையே சொன்னாள், வாக்கப்பட்டுப் போன மகள் ஊரிலும் அதையே சொன்னார்கள். நான் ஒருத்தி சொன்னால் அது திமிர். அத்தனை பேரும் சொன்னால் அது ஊர் வழக்கம். ஒரு வருஷத்துக்குள் கதவு தட்டும் சத்தத்தோடு, "நான் மாமியாரு வந்திருக்கேன் நர்சம்மா" என்று பெண் குரலும் சேர்ந்து வரத் தொடங்கியது. அந்தக் குரல் கேட்டதும் நெஞ்சு அமைதியாகி டார்ச்சை எடுப்பேன். முப்பது வருஷத்தில் சங்கம் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறது, சிலவற்றில் ஜெயித்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தச் சின்னத் தீர்மானத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

மெமோவுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொண்டதும் சங்கத்தில்தான். 17 பி என்கிற ஒழுங்கு நடவடிக்கை என்றால் என்ன, எத்தனை நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும், எந்த நாள் எந்த ஊருக்குப் போவோம் என்று எழுதிக் கொடுக்கும் முன்பயணத் திட்டத்தின் நகலை ஏன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் மாதமே சொல்லிவிடுவோம்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது.

எங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட் இருந்தது. இத்தனை கு.க. கேஸ் கொண்டுவர வேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு எண். 1996 ஏப்ரலில் நாடு முழுக்க டார்கெட் முறையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்; கேட்கிற குரல் மட்டும் உடனே மாறிவிடவில்லை. இரண்டு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நான் பேசிப் பேசி, மாமியாரைச் சமாதானம் செய்து, பஸ்ஸில் கூடவே போய், ஆபரேஷன் முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவேன். இது நல்ல காரியம் என்று நம்பித்தான் செய்தேன். உடம்பு தேறாமல் வருஷத்துக்கொன்று பெற்றுச் செத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டிலேயே எங்கள் மாவட்டத்தில்தான் அதிகம் பேரைக் கடல் கொண்டுபோயிற்று. முதல் வாரம் முழுக்க முகாம்களில் நின்றோம். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஜனம். குடிதண்ணீரில் குளோரின், தெருவில் பிளீச்சிங் பவுடர், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, வைட்டமின் ஏ. பெரிய கொள்ளை நோய் வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். வரவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த எங்கள் சக நர்சுகள் வெறும் சிமெண்ட் தரையில் படுத்து வேலை பார்த்ததற்கு அதில் பங்கு உண்டு. இதை யாரும் பெரிதாக எழுதியதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாலாவது நாள், முகாமில் ஒரு தூணோரம் என் ஏரியாப் பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குழந்தைகளும் போய்விட்டன. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். "நீங்கதானே நர்சம்மா கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லி முடிக்கவில்லை, எதிரில் இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அவளிடமும் அப்படி ஒரு தாய். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளிடம் இரண்டு பேர். அன்றைக்கு நோட்டில் தீர்மானம் எதுவும் எழுதவில்லை. தேதி மட்டும் இருக்கிறது, கீழே பக்கம் காலி. ஆனால் அன்றுதான் கணக்கெடுத்தோம். குழந்தைகளை இழந்த, கு.க. செய்துகொண்ட தாய்மார் யார் யார், வயது என்ன, ஆபரேஷன் எந்த வருஷம் என்று. அந்தத் தாய்மார்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவி அறிவித்தபோது, எங்கள் கையில் பட்டியல் தயாராக இருந்தது. என் ஏரியாவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே மாதிரி பஸ், அதே மாதிரி வராந்தா. ஒருத்திக்கு 2007-ல் பையன் பிறந்தான். இன்னொருத்திக்குக் கரு நிற்கவே இல்லை. இன்றைக்கும் வழியில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா நர்சம்மா" என்று முதலில் கேட்பது அவள்தான்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000 ரூபாயானது, 2011-ல் 12,000, 2018-ல் 18,000. தாய்மார்களுக்கு நல்லது, எங்களுக்கு ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கட்டுக் காகிதம். அப்புறம் பிக்மி என்கிற கர்ப்பிணிப் பதிவு முறை வந்தது. பதிவெல்லாம் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு ஏ.என். தாய்க்கும், அதாவது கர்ப்பிணிக்கும், 12 இலக்க எண். மவுஸைப் பிடிக்கத் தெரியாத மூத்தவர்கள் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்திலேயே கிளாஸ் வைத்தோம். சொல்லிக்கொடுத்தது எங்கள் பிள்ளைகள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் வந்தபோது வாட்ஸ்அப்பில் கண்டபடி வதந்தி பரவியது. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் மறித்தார்கள். அவரவர் பிள்ளைக்கு, பேரப்பிள்ளைக்கு ஊர் பார்க்க முதல் ஊசி போடுவது என்று முடிவு செய்தோம். என் அக்கா பேத்தி முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரையேறியது. முந்தின நாளே நாள் நெருங்கிய தாய்மார்களைப் பட்டியல் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். விடிந்து பார்த்தால் தென்னை, மா ஒன்றும் நிற்கவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது. அரிவாள் வைத்திருந்தவர்கள் வழியை வெட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்து வீடு வீடாகப் போனோம். இரண்டு இரண்டு பேராக. அதுவும் பழைய தீர்மானத்தின் வழக்கம்தான்.

விழாவில் ஆரம்பத்தில் பேர் எழுதிய பதினோரு பேரில் ஆறு பேர் மேடையில் உட்கார்ந்தோம். மூன்று பேர் இப்போது இல்லை. ஐஸ் பேக் அக்கா அந்த மூவரில் ஒருவர். அவர் மகள் வந்திருந்தார். சால்வை போர்த்தினோம். முழங்கை உடைந்து மாற்றலாகிப் போனவளுக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. மகனோடு வந்தாள். மேசை முன்னால் நின்று இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். "இது எனக்காக எழுதினதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு இது முப்பது வருஷமாகத் தெரியாது. நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் குறை.

பந்தி போட்டுச் சாம்பார் ஊற்றும்போது, கண்ணாடி சிரிஞ்சைப் பார்த்த அந்தத் தங்கச்சியின் போன் அடித்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனாள். "வலி எத்தனை மணிக்கு எடுத்துச்சு? பனிக்குடம் உடைஞ்சிடுச்சா? 108-க்கு நான் சொல்றேன், நீங்க ஏ.என். கார்டை எடுத்து வைங்க." ரெண்டாவது பிரசவம், ஹை ரிஸ்க் மதர், போன தடவையே ரத்தப்போக்கு அதிகம். பையை எடுக்க உள்ளே வந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த துணை நிலையத்து நர்ஸ் தன் இலையிலிருந்து கையை உதறிக்கொண்டு எழுந்து ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். இரண்டு பேரும் போனார்கள்.

இரண்டு டம்ளரில் பாயசம் எடுத்துத் தட்டு போட்டு மூடி வைத்தோம். மூணு மணி வாக்கில் எனக்குப் போன் வந்தது. பெண் குழந்தை, 2 கிலோ 900, தாய்க்கு ரத்தப்போக்கு இல்லை.